அடிவயிறு, கீழே இரண்டு கோடு

அந்த ஆஸ்பத்திரியில் அகராதி என்றால் அவள்தான். முகத்துக்கு நேரே அகராதியம்மா, முதுகுக்குப் பின்னால் வெறும் அகராதி. பெயர் வந்ததற்குக் காரணம் இரண்டு. மேஜை இழுப்பறையில் அவள் வைத்திருந்த தடிமனான மருத்துவ அகராதி ஒன்று. அதன் அட்டை பிய்ந்துபோய், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருந்தாள். இன்னொன்று அவள் வாய். அகராதி பிடித்தவள் என்று யாரைச் சொல்வோமோ அந்த ரகம். ஆமாம் என்றால் ஏன் என்பாள், இல்லை என்றால் யார் சொன்னது என்பாள். பெரிய டாக்டரே அவளிடம் பேசும்போது ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார்.

காலை எட்டிலிருந்து ஒரு மணிவரை பதிவுக் கவுன்டரில் சீட்டு எழுதுவாள். மதியத்துக்கு மேல் பின்னறையில் உட்கார்ந்து, டாக்டர்கள் ஆங்கிலத்தில் கிறுக்கித் தருகிற குறிப்புகளை டைப் அடிப்பாள். முப்பத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. சேர்ந்த முதல் வாரமே ஒரு எலும்பு டாக்டர் அவள் அடித்த தாளைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் ஆட்டி, "இது மனுஷன் உடம்பா, மளிகை லிஸ்டா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே பழைய புத்தகக் கடைக்குப் போய் அந்த அகராதியை வாங்கினாள். ரோஷக்காரி. எழுத்துப் பிழை பார்க்க வாங்கிய புத்தகத்தில், ஒவ்வொரு சொல்லும் எந்த மொழியில் என்னவாக இருந்து வந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அதில் விழுந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை.

டீ அறையில் அவள் கச்சேரி தினமும் உண்டு.

"மஸில்னா என்னன்னு நினைச்சீங்க? சுண்டெலி! தோலுக்கு அடியில எலி ஓடற மாதிரி இருந்துச்சாம், பேர் வெச்சுட்டான். காக்ஸிக்ஸ், வாலெலும்பு இருக்கே, அது குயிலோட மூக்காம். முழங்கால் சில்லு சின்னத் தட்டு. தொடையெலும்பு வந்து உட்கார்ற குழி வினிகர் கிண்ணம். இடுப்புக்கூடு சட்டி. தட்டு, கிண்ணம், சட்டி! பந்தியில இலை போடறதுக்கு முன்னாடி பேர் வெச்சிருப்பானுங்க போல. சாப்பிட்ட கையோட ஒருத்தன் இடுப்பெலும்பைப் பார்த்திருக்கான், தூக்கம் வந்திருக்கு, 'பேரில்லாதது'ன்னே ஒரு பேரை வெச்சுட்டுப் படுத்துட்டான்."

ஆறாம் அறை டாக்டரம்மா சிரித்துச் சிரித்து டீயைச் சிந்துவாள். பெண்களுக்கான அறை அது. அந்த ஆஸ்பத்திரியில் அகராதி மதித்த ஒரே ஆள் அந்த டாக்டரம்மாதான். மற்றவர்களெல்லாம் அவள் கணக்கில் பஞ்சும் பிளாஸ்திரியும்.

கவுன்டர் இருந்தது பெரிய கூடத்தின் நட்ட நடுவில். கண்ணாடியில் கையளவு ஓட்டை. அதில் வாயை வைத்து நோயைச் சொல்ல வேண்டும். பின்னால் இருபது பேர் நிற்பார்கள், பாதி ஆண்கள், காதைத் தீட்டிக்கொண்டு. இருமல்காரன் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்வான். மூலக்காரன்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிடுவான். பெண்கள்தான் ஓட்டைக்கு முன்னால் வந்து, "வந்து... கொஞ்சம்... கீழே..." என்று மென்று விழுங்குவார்கள். அகராதி அவர்களை மேலே பேச விடமாட்டாள். "புரிஞ்சுது, போங்க" என்று சீட்டில் "அடிவயிறு" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டுத் தள்ளிவிடுவாள்.

அந்த இரண்டு கோட்டுக்கு ஒரு பொருள் இருந்தது. வராந்தா முனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஊழியரைக் கதவக்கா என்பார்கள். எந்தச் சீட்டு எந்த அறைக்கு என்று ஆளை அனுப்புகிற வேலை அவளுக்கு. வயிறு, அடிவயிறு என்று இருந்தால் நாலாம் அறை, வயிற்று டாக்டர். கீழே இரண்டு கோடு இருந்தால் ஆறாம் அறை. இதை அவர்கள் உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. என்றோ ஒரு நாள் அகராதி கோடு போட்டாள். கதவக்கா சீட்டைப் பார்த்தாள், வந்தவளின் முகத்தைப் பார்த்தாள், ஆறாம் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். அதோடு சரி. இருபது வருஷம் ஓடியது. இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிடுவார்கள், ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள், அந்தக் கோட்டைப் பற்றி மட்டும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. பேசினால் அது எதற்கான கோடு என்று சொல்ல வேண்டிவருமே!

"என் கவுன்டர்ல எந்தப் பொம்பளையும் கூச்சப்பட்டு நிக்க வேண்டியதில்ல" என்று அகராதி மார்தட்டிக்கொள்வாள். உண்மையும்கூட. ஆஸ்பத்திரியே அதை அவளுடைய பெரிய மனசு என்று சொன்னது.

கதவக்கா ஓய்வு பெற்றாள். அன்று அகராதி கால் மணி நேரம் பேசினாள். இந்த வராந்தாவின் கண்ணே போகிறது என்றாள். எல்லாரும் சேர்ந்து சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். கண்ணே போகிறது என்று சொன்னவளுக்கு, இனி அந்தக் கோட்டை யார் பார்ப்பார்கள் என்று தோன்றவே இல்லை. திங்கட்கிழமை முதல் அந்த ஸ்டூலில் ஒரு செக்யூரிட்டி வந்து உட்கார்ந்தான். தொப்பி, விசில் எல்லாம் உண்டு. சீட்டை வாங்கிப் படிப்பான். "வயிறா? நாலு." அவன்மேல் என்ன குற்றம்? எழுதியிருந்ததைத்தான் படித்தான்.

அகராதிக்கு ஒரு அக்கா. ஏழு வயசு மூத்தவள். அம்மா இறந்துபோன வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்து, தங்கையை டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பியவள். அத்தான் போய்ப் பத்து வருஷமாகிறது. ஒரே வீட்டில் கீழே அக்கா, மேலே அகராதியும் வீட்டுக்காரரும். அக்காவின் மிஷின் சத்தம் கேட்டுத்தான் அகராதி வீட்டில் காலை விடியும். அக்கா வாயில்லாப் பூச்சி. ஊசியைப் பல்லில் கடித்துக் கடித்துப் பேச்சே மறந்துபோச்சு என்று அகராதி கேலி செய்வாள்.

அந்த அக்கா ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தங்கச்சி இருக்கிறாள் என்று பக்கவாசலில் நுழையாமல், எல்லாரையும் போல வரிசையில் நின்று, ஓட்டைக்கு முன்னால் குனிந்தாள். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது.

"ஏண்டி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு மாசமா எனக்கு..."

"இங்க எதுக்குக்கா? எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்." சீட்டு அதற்குள் தயார். அடிவயிறு. இரண்டு கோடு. "உள்ள பார்த்துக்குவாங்க. போ."

அக்கா ஒரு நொடி நின்றாள். பின்னால் இருந்தவன் இருமினான். சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சொந்த அக்காவாக இருந்தாலும் வாய் திறக்க வைக்கவில்லை பார் என்று அகராதிக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. நன்றாகப் பட்டுக்கொண்டாள் திருப்தி!

அன்று மத்தியானமே அடுத்த கூத்து. ஆறாம் அறையிலிருந்து வந்த குறிப்பில் புடெண்டல் என்று ஒரு நரம்பின் பெயர் இருந்தது. எழுத்துப் பார்க்க அகராதியைப் புரட்டினாள். பெண்ணின் பிறப்புறுப்புக்குப் புடெண்டம் என்று பெயராம், நரம்புக்கும் அதிலிருந்துதான் பெயராம். லத்தீனில் அதற்கு அர்த்தம், வெட்கப்பட வேண்டியது. முதலில் ஆண், பெண் இருவருக்கும் சேர்த்துச் சொன்ன சொல், போகப் போகப் பெண்ணோடு மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு டீ அறைக்குப் போனாள்.

"எலி ஓடற கைக்கு வெக்கமில்ல. குயில் மூக்கு வெச்ச பின்பக்கத்துக்கு வெக்கமில்ல. இவனுங்க அத்தனை பேரும் உலகத்துக்கு வந்த வழிதான் வெக்கக்கேடாம்! பெத்தவளைக் கேட்டுட்டாடா பேர் வெச்சே?"

"அந்தப் பேரைப் பட்டியல்லேர்ந்து எடுக்கணும்னு ரொம்ப நாள் சண்டை போட்டாங்க, அகராதியம்மா" என்றாள் ஆறாம் அறை டாக்டரம்மா. "எடுத்தும் விட்டாங்க. நரம்புக்கு மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு."

"நம்மாளுங்க மட்டும் யோக்கியமா? பேப்பர்க்காரன் மர்ம உறுப்புங்கறான். என்ன மர்மம்? துப்பறியும் கதையா நடக்குது அங்க? பிறப்புறுப்புன்னு லட்சணமா ஒரு சொல்லு இருக்கு. சொன்னா நாக்கு வெந்துடுமா?"

"இதையே வெளிக் கூடத்துல நின்னு சொல்லுங்களேன், பார்ப்போம்."

"வேளை வரட்டும், சொல்றேன்" என்றாள் அகராதி. டீ அறை கைதட்டியது.

ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். லத்தீன்காரன் எப்போதோ வைத்த பெயருக்கு மத்தியானம் கொடி பிடித்தவள், காலையில் தன் கையால் தான் எழுதியதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் படியேறும்போது அக்காவின் வாசலில் நின்று, "பார்த்தாச்சா?" என்றாள். "பார்த்தாச்சு, மாத்திரை குடுத்திருக்காங்க" என்றாள் அக்கா. "சரியாப் போயிடும்" என்று மேலே போய்விட்டாள்.

ஏழு மாசம். மாத்திரைப் பட்டைகள் மாறின. காரத்தைக் குறைக்கச் சொன்னார்கள் என்று அக்கா பத்தியச் சாப்பாடு சாப்பிட்டாள். பெண்களுக்கான அறையில் காரத்தைக் குறைக்க எதற்குச் சொல்லப்போகிறார்கள் என்று ஒரு நாளாவது அகராதி யோசித்தாளா? வாதம் பண்ணவே பிறந்தவள் அதற்கு மட்டும் வாதம் பண்ணவில்லை. அக்கா ஸ்டூலில் மெத்தை போட்டாள். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து மிதித்தாள். பிறகு மிஷின் சத்தமே குறைந்து, வெட்டு மேஜையில் நின்றபடியே கைத்தையல் போட ஆரம்பித்தாள். "என்னக்கா, வாசல் காவல்காரன் மாதிரி நின்னுகிட்டே?" என்று சிரித்தாள் அகராதி. அக்காவும் சிரித்தாள்.

ஒரு லீவு நாள் முற்பகல், புடவைக்கு ஓரம் அடிக்கக் கீழே இறங்கியவள், குளியலறை வாசலில் வாளியைப் பார்த்தாள். ஸ்டூல் மெத்தையின் உறையை ஊறப் போட்டிருந்தது. தண்ணீர் செம்பழுப்பாக இருந்தது.

"என்னது இது?"

"சாயம் போற துணி."

"அக்கா, சாயம் எது ரத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா? அறுபத்தோரு வயசுல உனக்கு எங்கேர்ந்து ரத்தம்?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிஷின்மேல் இருந்த நூல்கண்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். அகராதிக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மறுநாள் பக்கவாசல் வழியாக நேரே ஆறாம் அறைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே இருபது நிமிஷம். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"கட்டி, அகராதியம்மா. வெளிப்பக்கமே இருக்கு, உடைஞ்சு புண்ணாயிருக்கு. பார்க்கறப்பவே எனக்குப் பிடிக்கல. சதை எடுத்து அனுப்பறேன். தொடையிடுக்குல நெறி கட்டியிருக்கு. ஏழு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா சின்ன வேலையா முடிஞ்சிருக்கும்."

"ஏழு மாசமா உங்ககிட்டதானே வர்றா?"

"என்கிட்டயா? நான் இன்னிக்குத்தான் இவங்களைப் பார்க்கறேன்."

டாக்டரம்மா ஃபைலை நீட்டினாள். ஒன்பது தடவையும் நாலாம் அறை. ஒன்பது தடவையும் வயிற்றெரிச்சல் மருந்து. எல்லாவற்றுக்கும் மேலே பின் அடித்த முதல் சீட்டு. அடிவயிறு. எழுத்து யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இந்த ரெண்டு கோடு எதுக்கு?" என்றாள் டாக்டரம்மா.

"ஆறாம் நம்பர்னு அர்த்தம்."

"யாருக்குத் தெரியும்?"

"கதவக்காவுக்கு."

"அவங்க போய் ரெண்டு வருஷமாச்சே."

அகராதி ஃபைலை மூடிக்கொண்டு, அக்காவைச் சேர்த்திருந்த வார்டுக்குப் போனாள்.

வார்டில் அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அகராதி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததுமே கோபம்தான் முதலில் வந்தது. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே.

"வயித்து டாக்டர்கிட்ட உட்கார்ந்துட்டு, இது வயிறு இல்லைன்னு சொல்றதுக்கு என்ன?"

"ஆம்பளை டாக்டர். பக்கத்துல ரெண்டு பசங்க எழுதிக்கிட்டு நின்னாங்க. எரியுதான்னார். எரியுதுன்னேன். பொய்யா சொன்னேன்?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

அக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். "உன்கிட்டத்தாண்டி முதல்ல வந்தேன். வீட்டுல வாய் வரலைன்னு, ஆஸ்பத்திரியில சொல்லிடலாம்னு வந்தேன். வாயைத் திறந்தேன். நீ வேண்டாம்னுட்டே. நீ படிச்சவ. சொல்லக் கூடாததுன்னு நீயே நினைக்கறப்ப நான் வேற யார்கிட்டச் சொல்றது?"

அகராதி அழுதாள். ஓவென்று அழுதாள், பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்கிற அளவுக்கு. லத்தீன்காரனாவது முன்பின் பார்க்காதவன். இவள் உடன்பிறந்தவள்.

பரிசோதனை முடிவு டாக்டரம்மா பயந்தபடியே வந்தது. ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்தார்கள், இடுக்கில் இரண்டு பக்கமும் நெறிக்கட்டிகளை எடுத்தார்கள். ஒரு பக்கம் பரவியிருந்தது. அதனால் கதிர்வீச்சு, அதாவது கரண்டு வைக்க வேண்டும், அதற்குப் பிறகும் உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். மிஷினில் உட்காருவது இனிமேல் கிடையாது. அகராதி கீழ்வீட்டுக்குப் போய் மிஷின்மேல் போர்வையைப் போட்டு மூடினாள்.

அந்த வாரம் அவள் பின்னறையில் டைப் அடிக்கவில்லை. பழைய ஃபைல்கள் கட்டிவைத்த அறைக்குள் போய், கதவக்கா போன நாளிலிருந்து ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தாள். தேடுவது சுலபம், தன் கோடு தனக்குத் தெரியாதா? நேராக, பேனாவை அழுத்தி, இரண்டு. சிலர் நாலாம் அறையில் வாய் திறந்து பேசி ஆறாம் அறைக்கு மாறியிருந்தார்கள். வாயுள்ளவர்கள் பிழைத்தார்கள். மீதிப் பேர் வயிற்றெரிச்சல் மருந்தோடு நின்றிருந்தார்கள். அந்த ஃபைல்களைத் தனியாக எடுத்து வைத்தாள். மேஜைமேல் வைத்தது போதாமல் தரையிலும் அடுக்கினாள். அக்கா ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை கவுன்டரில் சீட்டு எழுதப் பக்கத்துப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு, அகராதி டெலிபோனைத் தன் பக்கம் இழுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே பேசுகிற போன் கூடத்தில் அந்த ஒன்றுதான். கண்ணாடிக்கு வெளியே வழக்கமான இருபது பேர். முதல் ஃபைலின் நம்பரைச் சுழற்றினாள். ஒரு ஆண்குரல் எடுத்தது. ஆஸ்பத்திரி என்றதும், "என்ன விஷயம், என்கிட்டச் சொல்லுங்க" என்றது. "உங்ககிட்ட இல்லைங்க, அவங்ககிட்டத்தான்" என்று பிடித்த பிடியில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண்குரல் வந்தது.

"அம்மா, நான் சீட்டு எழுதறவ பேசறேன். போன வருஷம் வந்தீங்க. உங்களுக்கு அடிவயிறுன்னு எழுதி அனுப்பினேன்."

"ஆமாம்மா. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீங்க சொல்ல வந்தது அடிவயிறு இல்ல. நான்தான் சொல்ல விடல. தப்பு என்னோடது. என்னன்னு இப்பச் சொல்லுங்க."

மூச்சு மட்டும் கேட்டது. சொல்லமாட்டாள் என்று அகராதிக்குத் தெரிந்தது. யாராவது ஒருத்தர் முதலில் சொன்னால்தானே? கூடத்தைப் பார்த்தாள். இருமல்காரன் இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ அறையில் அத்தனை லேசாக வந்த சொல், இங்கே லேசாக வரவில்லை.

"பிறப்புறுப்புலயாம்மா?" என்றாள். சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. வரிசை முழுக்கத் திரும்பியது. செக்யூரிட்டி ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டான். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "அரிப்பா, புண்ணா, கட்டியா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் மிக அருகில் வந்தது.

"கட்டிதாம்மா."

"எத்தனை நாளா?"

"உங்ககிட்டச் சீட்டு வாங்க வந்தப்பவே இருந்துச்சு" என்றாள் அவள். "அப்ப மிளகு அளவுதான் இருந்துச்சு."